சுவருக்கு இரு பக்கமும் ஒரே ஃபைல்

பேரிங் உட்காரவில்லை.

சென்ற மாதக் கடைசியில் ஒரு காலைப்பொழுது. கோட்டாற்றில், சந்துக்குள் இருக்கும் ஒரு பட்டறையின் வாசலில், ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஒன்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். மீன்பிடித் துறைகளில் பார்த்திருப்பீர்களே… பாளம் பாளமாக ஐஸை வாய்க்குள் தள்ளினால், உள்ளே பற்கள் வைத்த உருளை ஒன்று சுழன்று பொடியாக்கித் தள்ளும். அதுதான்.

இரும்புச் சட்டகம் தயார். உருளை தயார். உருளையின் நடுவே ஓடும் ஷாஃப்ட் புதுக்கருக்கு மாறாமல் மின்னியது. செயின் பிளாக்கில் உருளையைத் தூக்கி, மெல்லச் சட்டகத்தின் மேல் இறக்கினார்கள். ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் இருந்த பேரிங்குகள், சட்டகத்தில் அவற்றுக்கென்று வெட்டிவைத்த இடங்களில் போய் அமர வேண்டும்.

அமரவில்லை. இடம் சிறியது, பேரிங் பெரியது. வித்தியாசம் ஒரு விரல் அகலம்கூட இராது. ஆனால் இரும்புக்கு அது போதுமே!

இதே இயந்திரம் கம்ப்யூட்டர் திரையில் எத்தனையோ முறை பூட்டப்பட்டது; எத்தனையோ முறை சுழன்றது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை, உரசவில்லை. அதற்கு நானே சாட்சி. அப்படியானால் தவறு எங்கே நுழைந்தது?

அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். எழுதுவதில் எனக்குச் சிறிதும் மகிழ்ச்சி இல்லை. பிறர் குடும்பத்துச் செய்திகளைச் சந்திக்குக் கொண்டுவருவது என் வழக்கமும் அன்று. ஆனால் ‘பேராசிரியர் கொண்டுவந்த கம்ப்யூட்டரால்தான் வேலை கெட்டது’ என்று ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. இயந்திர வடிவமைப்பை வாழ்நாளெல்லாம் கற்பித்தவன், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க இயலுமா? பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோட்டாற்றில் ஊகிக்கக்கூடியவர்கள் ஊகித்துக்கொள்ளட்டும்.

அந்தப் பட்டறையை நடத்தியவர் ஒரு நல்ல மனிதர். அவர் காலமானதும் மகன்கள் இருவரும் பாகம் பிரித்தார்கள். மூத்தவர் ஞானமுத்துவுக்கு லேத்தும் கடைசல் வேலையும். இளையவர் அருள்ராஜுக்கு வெல்டிங்கும் தகடு வளைக்கும் இயந்திரமும். நீண்ட பட்டறையின் நடுவே ஒரு சுவர் எழும்பியது. தகப்பனார் நின்று வேலை பார்த்த பெரிய மர மேசை ஒன்று இருந்தது. அதையும் ரம்பம் வைத்து இரண்டாக அறுத்துக்கொண்டார்கள்! ஆளுக்கு இரண்டு கால்கள். நிற்க முடியாத அந்த அரை மேசைகளை இருவரும் தத்தம் சுவரோடு சார்த்தி வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குடும்பம் முதல் ஆராதனைக்கு வரும்; தம்பி குடும்பம் இரண்டாம் ஆராதனைக்கு. ஒரே பாதிரியார், ஒரே பிரசங்கம். சமாதானத்தைப் பற்றி இருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆனால் இயந்திரம் வாங்க வருபவர் பாதி இயந்திரமா வாங்குவார்? தகப்பனார் பெயருக்காக முழு இயந்திரத்துக்குத்தான் ஆர்டர் வரும். எனவே ஒரு ஏற்பாடு தானாக உருவாயிற்று. அண்ணன் ஷாஃப்ட்டும் உருளையும் கடைவார். தம்பி சட்டகமும் உடம்பும் கட்டுவார். தயாரானதும் லோடுமேன்கள் ஒரு பாகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைச் சுற்றி மறு வாசலுக்குப் போவார்கள்.

அளவுகளை எப்படிப் பரிமாறிக்கொண்டார்கள் என்கிறீர்களா? அங்கேதான் வேடிக்கை. அண்ணன் சாக்பீஸால் எழுதி அனுப்பும் அளவைத் தம்பி நம்பமாட்டார். அதனால் போல்ட் துளையை வட்டமாகப் போடாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நீளவாக்கில் போட்டுவிடுவார். தம்பி சரியாகச் செய்வார் என்று அண்ணனும் நம்பமாட்டார். ஷாஃப்ட்டை எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதல் நீளமாக விடுவார். மிச்ச இடைவெளியில் தகட்டுத் துண்டுகளைச் செருகி முறுக்கினால்… இயந்திரம் ஓடும். கடகடவென்று ஓடும், ஆனாலும் ஓடும்.

இத்தனை ஆண்டுகள் அந்தக் கடகடப்பில்தான் அந்தக் குடும்பத்தின் அமைதி இருந்தது என்பதை நான் அப்போது உணரவில்லை.

இந்த நிலையில்தான் ஞானமுத்துவின் மகள் பெனிலா ஊருக்கு வந்தாள். நான் துறைத்தலைவராக இருந்த கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவள். புனேயில் ஒரு நிறுவனத்தில் டிசைன் இன்ஜினீயர். அவளுக்கு ஒரு ஆசை — இதைப் பைத்தியக்காரத்தனம் என்று அவள் தோழிகள் சொன்னார்களாம் — நாகர்கோவிலிலேயே இருந்து இந்தப் பட்டறையை ஒரு நிறுவனமாக ஆக்கவேண்டும். புனேயில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரே ஒரு ஆர்டரை ஒழுங்காகச் செய்து காட்டினால் இங்கேயே இருந்துவிடலாம். இல்லையென்றால் திரும்பிப் போகவேண்டியதுதான். தகப்பனாரிடம் அப்படித்தான் பேசியிருந்தாள்.

அந்த ஒரே ஆர்டர், கடற்கரையில் ஐஸ் வியாபாரம் செய்யும் ஸ்டெல்லா அம்மாளிடமிருந்து வந்தது. முந்தைய இயந்திரத்தையும் இவர்களிடம்தான் வாங்கியிருந்தார். அந்த அனுபவத்தை என்னிடம் அவரே சொன்னார்.

“சாரே, மெஷினு கடகடன்னு சத்தம் போட்டுது. அண்ணங்காரன்ட்ட கேட்டா, ஃபிரேமு ஆடுதுங்கான். தம்பிகாரன்ட்ட கேட்டா, ஷாஃப்டு ஆடுதுங்கான். ரெண்டுவேரும் சரின்னா, பின்ன நானா ஆடுகேன்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

“இந்தத் தடவ எனக்கு ஒரே ஆளு பதில் சொல்லணும். இல்லன்னா வேண்டாம். சீசனு தொடங்கதுக்கு முன்ன மெஷினு வரணும்.”

“நான் பொறுப்பு” என்றேன்.

சொன்னது நான்தான். மறுக்கவில்லை. எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன்.

வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்; ஒருங்கிணைந்த கணினி வடிவமைப்பைப் பற்றி இதே பக்கத்தில் முன்பொரு முறை பெருமையாக எழுதியிருந்தேன். பழைய நாளில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தாள். ஷாஃப்ட்டின் தாளில் ஒரு அளவை மாற்றினால், சட்டகத்தின் தாளுக்கு அது தெரியாது. ஒரு மனிதன் போய்ச் சொல்லவேண்டும். சொல்ல மறந்தால் போயிற்று. புதிய முறையில் அந்தக் கவலையே இல்லை. முழு இயந்திரமும் ஒரே மாடல். ஒரு பாகத்தை மாற்றினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாப் பாகங்களும் தாமாகவே மாறிக்கொள்ளும். வரைபடம் மாறும். எடை மாறும். தகடு வெட்டும் அளவும் மாறும். யாரும் யாரிடமும் போய்ச் சொல்லவேண்டிய தேவையே இல்லை.

பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்க முடியுமா? அப்படித்தான் நினைத்தேன். பெனிலாவும் அப்படித்தான் நினைத்தாள்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் ஒன்று. இரண்டையும் இணைக்க ஒரு கேபிள். சுவரில் துளையிடலாம் என்றதற்கு இருவருமே சம்மதிக்கவில்லை. அந்தச் சுவர் ஒன்றின் மீதுதான் இருவருக்கும் ஒருமித்த அக்கறை இருந்தது. கேபிள் கூரையை ஒட்டி, சுவருக்கு மேலே ஏறி இறங்கியது.

மின்வெட்டு போக மீதமிருந்த நேரத்தில் பெனிலா உழைத்தாள். காலையில் தகப்பனார் பக்கம், பிற்பகலில் சித்தப்பா பக்கம். இரண்டு வாசல்களையும் பயன்படுத்திய ஒரே பிறவி அவள்தான். சித்தப்பாவுக்கும் அவள் மீது பிரியம் அதிகம். “வா மக்கா, சாயா குடிச்சியா?” என்று கேட்டபிறகுதான் வேலையைத் தொடவிடுவார். மவுஸைப் பிடித்து இயந்திரத்தைத் திரையில் உருட்டிப் பார்க்கவும் பழகிக்கொண்டார். தன் சட்டகம் அந்தரத்தில் சுழல்வதை, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாராம்.

நீள்துளைகள் போயின. தகட்டுத் துண்டுகள் போயின. எல்லாத் துளைகளும் வட்டம். எல்லா அளவுகளும் துல்லியம். ஞானமுத்துகூட என்னிடம், “சார், இது நல்ல சாமானமாட்டு வரும்போலிருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வருவதே பெரிது.

ஒரு நாள் நானும் அங்கே இருந்தேன். ஸ்டெல்லா அம்மாள் வாங்கும் ஐஸ் பாளங்கள் முன்னைவிடப் பெரியவை என்று தெரிந்ததால், பெனிலா ஷாஃப்ட்டின் தாங்குதிறனை மறுபடி கணக்கிட்டாள். ஐம்பது மில்லிமீட்டர் போதாது. அறுபது வேண்டும் என்று வந்தது. நான் சரிபார்த்தேன். சரிதான். அவள் ஐம்பதை அழித்து அறுபது என்று அடித்தாள். ஷாஃப்ட் பருத்தது. பேரிங் பருத்தது. சட்டகத்தில் பேரிங் அமரும் இடம் தானாக அகன்றது. கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்தது.

“பாத்தியளா சார்… ஒருத்தருட்டயும் ஒண்ணும் கேக்காண்டாம்” என்றாள், முகமெல்லாம் மலர.

மறுநாள் அவள் ஒரு கல்யாணத்துக்காக மார்த்தாண்டம் போய்விட்டாள். திரும்பி வந்து சித்தப்பாவிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். எதற்கு அவசரம்? ஃபைலில்தான் எல்லாம் மாறிவிட்டதே!

ஃபைலில் மாறிவிட்டது. அதை அன்று காலையே அருள்ராஜ் பார்த்துவிட்டார்.

இங்கே, நம் மாவட்டத்தைச் சேராத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் அது அழைப்பாகாது. வேறொருவர் கையில் கொடுத்தனுப்பினாலும் ஆகாது. வீட்டுக்கு நேரில் வந்து, உட்கார்ந்து, இரண்டு வார்த்தை பேசி, கையில் தரவேண்டும். இல்லையென்றால் சொந்தத் தாய்மாமன்கூடக் கல்யாணத்துக்கு வரமாட்டார். அப்படி வராமல்போன தாய்மாமன்களால் பிரிந்த குடும்பங்களை என்னால் விரல்விட்டு எண்ணிக்காட்ட முடியும். செய்தி முக்கியமன்று, செய்தி வந்த விதம்தான் முக்கியம்.

அருள்ராஜின் சட்டகத்துக்கு ஒரு மாற்றம் வந்திருந்தது. யாரும் நேரில் வந்து சொல்லவில்லை. கேபிள் வழியாக வந்திருந்தது. சுவருக்கு மேலே ஏறி இறங்கி வந்திருந்தது. அதுவும்… அண்ணன் பக்கத்திலிருந்து!

அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபைலை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வடசேரியில் இருக்கும் ஒரு டிராயிங் சென்டருக்குப் போனார். அங்கே பணத்தைக் கொடுத்து, தன் சட்டகத்தை முழு மாடலிலிருந்து அறுத்துத் தனியாக எடுக்கச் சொன்னார். பழைய அளவையே திரும்ப வைக்கச் சொன்னார். பிரிண்ட் எடுத்தார். அந்தப் பிரிண்டைப் பார்த்துத் தகடுகளை வெட்டினார்.

பட்டறையில் இருந்த பொது ஃபைலில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டிருந்தது. கல்யாணம் முடிந்து திரும்பிய பெனிலா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்; சித்தப்பாவிடம் சொல்லவேண்டியது அவளுக்கு நினைவில்லாமல் போயிற்று. நானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டும் நாளன்று பேரிங் ஏன் உட்காரவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

நான் சுவரைச் சுற்றிக்கொண்டு அருள்ராஜின் வாசலுக்குப் போனேன். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்.

“சார், எனக்க ஃபிரேம்ல அவன் எப்பிடி கை வைக்கலாம்? பின்ன சொவரு எடுத்தது எதுக்கு? கம்ப்யூட்டர் வழியா உள்ள வாறதுக்கா?”

“யாரும் கை வைக்கல்ல, அருள். ஷாஃப்ட் பெருசானா பேரிங் பெருசாகும். பேரிங் பெருசானா அதுக்கு உள்ள இடமும் பெருசாகணும். அது தானா நடக்குது.”

“தானா எப்பிடி சார் நடக்கும்? எனக்க வீட்டுல எனக்க கட்டிலு தானா நவுந்தா நான் சும்மா இருப்பனா?”

இதற்கு எந்தப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது?

“பெனிலாதான் மாத்தினா. அண்ணன் இல்ல.”

“அவ ஒரு வார்த்த சொன்னாளா? தெனமும் வந்து சாயா குடிக்கத் தெரியுது… சித்தப்பா, இப்பிடி மாத்தப்போறேன்னு சொல்லத் தெரியல்லியா? சொல்லியிருந்தா நான் வேண்டாம்னா சொல்லுவேன்? எனக்க கையால மாத்திக் குடுத்திருக்க மாட்டனா?”

கொடுத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதுதான் மனத்தை உடைக்கிறது.

பரிகாரம் என்ன? மிக எளிது. சட்டகத்தில் இடத்தை வெட்டி அகலமாக்கினால் தீர்ந்தது. அரை நாள் வேலை. ஞானமுத்துவிடம் வந்தேன்.

“அவன வெட்டச் சொல்லுங்க சார். நான் ஷாஃப்ட்டக் கடஞ்சு குறச்சா நாளைக்கு ஒடியும். நீங்க படிச்சவங்க, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். அவர் சொன்னது சரி. மறுபடி தம்பியிடம் போனேன்.

“அப்பா காலத்துலேர்ந்து இதே பழைய அளவு ஷாஃப்ட்டுதான் சார். இத்தன வருஷத்துல எங்கயாவது ஒடிஞ்சுதா? சொல்லுங்க.”

ஒடிந்ததில்லை. அவர் சொன்னதும் பொய்யில்லை. இப்போது வெட்டினால், தவறு தன் பக்கம் என்று ஒப்புக்கொண்டதாகும். அதற்கு அவர் தயாரில்லை. கடைந்து குறைக்க அண்ணனும் தயாரில்லை.

பெனிலா ஒரு முடிவுக்கு வந்தாள். சந்தில், இரண்டு வாசல்களுக்கும் நடுவே நின்றாள். இரு பக்கமும் கேட்கும்படி சொன்னாள்:

“தப்பு என்மேலதான். நான்தான் மாத்தினேன். சித்தப்பாட்ட நேர்ல வந்து சொல்லியிருக்கணும், சொல்லல்ல. மன்னிச்சிருங்க. இப்பம் ரெண்டுவேரும் எனக்காவ இத முடிச்சுத் தாங்க.”

தெரு நின்று கேட்டது. அதைக் கேட்ட எவருக்கும் மனம் இளகியிருக்கும். என் மனம் இளகியது.

உள்ளேயிருந்து ஞானமுத்துவின் குரல் வந்தது. “எனக்க மக ஒரு தப்பும் பண்ணல்ல. எவனுக்க முன்னாலயும் அவ தல குனியாண்டாம். உள்ள வா மக்கா.”

மறுபக்கத்திலிருந்து அருள்ராஜ்: “பாத்தியளா சார்! பெத்த புள்ள தலையில பழியப் போட்டுட்டுத் தப்பிக்கப் பாக்கான்.”

ஒருவர் மகளின் மானத்தைக் காத்தார். மற்றவர் அண்ணன் மகளுக்காகப் பரிந்து பேசினார். இருவரும் அவளை அவ்வளவு நேசித்தார்கள். அந்த நேசத்தில் அவளுடைய மன்னிப்பு சந்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தது.

அவள் அப்போதும் விடவில்லை. யார் பாகத்தையும் வெட்டாமல், பேரிங்குக்கும் சட்டகத்துக்கும் நடுவே வைக்க ஒரு இடைத்தட்டு வரைந்தாள். அழகான தீர்வு. தேர்வுத்தாளாக இருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் அதைச் செய்வது யார்?

“ஃபிரேம் மேல இருக்கப்பட்ட தட்டு. ஃபிரேம்காரன்தான் செய்யணும்” என்றார் அண்ணன்.

“பேரிங்குக்கு அடியில வாறது. பேரிங் போடுகவன்தான் செய்யணும்” என்றார் தம்பி.

பார்வதிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் செய்துவிடலாம் என்றேன். அப்போது, சுவர் எழும்பிய நாளிலிருந்து முதல்முறையாக, இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். தனித்தனியாக, என்னிடம்:

“அப்பா பேரு போட்ட மெஷின்ல வெளிக்காரனுக்க சாமானமா?”

அந்த ஒற்றுமையைக் கண்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும் போலும்!

நாட்கள் போயின. சீசன் வந்தது. ஸ்டெல்லா அம்மாள் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். செயின் பிளாக்கில் தொங்கிய உருளையைப் பார்த்தார். கீழே வாய் பிளந்து நின்ற சட்டகத்தைப் பார்த்தார். நான் தொடக்கத்திலிருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்பம் யாருக்க வரைபடம் தப்பு சாரே?”

யோசித்துப் பார்த்தேன். அண்ணனின் ஷாஃப்ட் அவருடைய வரைபடத்தின்படி ஒரு மயிரிழை பிசகவில்லை. தம்பியின் சட்டகமும் அவருடைய வரைபடத்தின்படி அப்படியே. அளந்து பார்த்தே சொல்கிறேன்.

“யாருக்க வரைபடமும் தப்பில்ல” என்றேன்.

“ஐஸு ஒருகிப்போவும் சாரே. உங்க அண்ணந்தம்பிக்க வெறப்பு ஒருகாது போல.” பட்டறையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மரியாதை தெரிந்தவர். “உங்கமேல எனக்குக் கோவமில்ல. நீங்க நல்லதுக்குத்தான் நின்னீங்க. ஆனா இனிமே யாருக்காவும் ‘நான் பொறுப்பு’ன்னு சொல்லிராதீங்க.”

கொல்லத்தில் ஒரு கம்பெனியில் அவர் வேறு இயந்திரம் வாங்கிவிட்டார்.

என் வாழ்நாளில் என் சொல்லை ஒருவர் இவ்வளவு பணிவாகத் திருப்பிக் கொடுத்ததில்லை.

மேடைகளில் பேசுகிறோம் — குமரி மாவட்டத்தில் தொழில் வளரவில்லை என்று. விமான நிலையம் இல்லை, மின்சாரம் இல்லை, நிலம் இல்லை, அரசு கண்டுகொள்ளவில்லை என்று. நானும் பேசியிருக்கிறேன், கைத்தட்டலும் வாங்கியிருக்கிறேன். தெருவுக்கொரு இன்ஜினீயர் இருக்கும் மாவட்டம் இது. நம் பிள்ளைகள் துபாயிலும் பெங்களூரிலும் உட்கார்ந்துகொண்டு, நான்கு நாட்டுக்காரர்களோடு ஒரே மாடலில் வேலை செய்கிறார்கள். கப்பல் கட்டுகிறார்கள், விமானத்துக்குப் பாகம் வரைகிறார்கள். இங்கே ஒரு சந்தில், ஒரு தகப்பனுக்குப் பிறந்த இரண்டு பேரால் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஒன்றைப் பூட்ட முடியவில்லை. இதற்கு எந்த அமைச்சரிடம் மனுக் கொடுப்பது?

மென்பொருளைக் குறை சொல்வோருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. ஒன்றை மாற்றினால் இன்னொன்றும் மாறவேண்டும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், மாறியது. நமக்கு யாரும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. இனிச் சொல்லிக்கொடுத்தாலும் நாம் கேட்போம் என்று எனக்குத் தோன்றவில்லை. வயதானவனின் சலிப்பு என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். அவ்வளவு நெருங்கி நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

இந்த வாரத் தொடக்கத்தில் பெனிலா புனேக்குப் புறப்பட்டாள்.

ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். ஞானமுத்து அவளுடைய பெட்டியின் ஜன்னலருகே நின்றார். அருள்ராஜும் வந்திருந்தார்; நான்கைந்து ஜன்னல் தள்ளி நின்றார். அண்ணன் தண்ணீர் வாங்க நகர்ந்தபோது மட்டும் ஓடிவந்து, ஒரு பொட்டலத்தை அவள் கையில் திணித்துவிட்டு, “போனதும் போன் பண்ணு மக்கா” என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டார். கண் கலங்கியிருந்தது.

நான் அவள் ஜன்னலருகே போனேன். “அங்கே என்ன வேலை தருவாங்க?” என்று கேட்டுவைத்தேன்.

“இதே வேலதான் சார். ஒரே மாடல்… ஜெர்மனில ஒரு டீம், சைனால ஒரு டீம், இடையில நாங்க.”

“உன் பாகத்தை அவங்க யாராவது மாத்திட்டா?”

“தெனமும் மாத்துவாங்க சார். காலைல வந்து திறந்து பாத்தா, நேத்து வச்சது ஒண்ணும் வச்ச இடத்துல இருக்காது. சரின்னுட்டு வேலையப் பாக்கவேண்டியதுதான்.”

“கோபம் வராதா?”

அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பதுபோல் இருந்தது, சிரிப்பில்லை.

“எதுக்கு சார் வரணும்? அவங்க எனக்குச் சொந்தக்காரங்க இல்லியே.”

ரயில் நகர்ந்தது. அண்ணன் பிளாட்ஃபாரத்தின் ஒரு முனையை நோக்கி நடந்தார். தம்பி மறு முனையை நோக்கி. போகும்போது இருவருமே திரும்பி, ‘வாங்க சார், போவலாம்’ என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

கூட்டம் முழுவதும் கலையும்வரை நான் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தேன்.